ரேமுக்கு வந்த பிறகும் யூ-பூட் ஏன் இடம் மாறுகிறது?

கேள்வி இதுதான். பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் போர்டில், இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடர் நிரலான யூ-பூட் எப்படி ஓடுகிறது என்பதை, ஜேடேக் என்ற பிழைதேடும் இணைப்பை மாட்டி ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார். எஸ்பிஎல் என்ற சிறிய முதல் நிலை நிரல், முழு யூ-பூட்டை, போர்டின் முதன்மை நினைவகமான டிடிஆர் ரேமில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. யூ-பூட் சற்று நேரம் ஓடுகிறது. பிறகு தன்னையே ரேமின் உச்சிக்கு நகலெடுத்து அங்கே தாவிவிடுகிறது. ஏற்கெனவே ரேமில் இருப்பது எதற்காக மறுபடியும் ரேமுக்குப் போக வேண்டும்? தாவிய பிறகு வைத்த பிரேக்பாயிண்ட் (நிரலை நிறுத்தும் குறி) எதிலும் நிரல் நிற்பதில்லையே, ஏன்? இந்த இடமாற்றத்தை நிறுத்திவிட்டால் என்ன?

நிறுத்த வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பூட்லோடர் எழுதுகிறவர்களின் பொழுதைத் தின்னும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு தாவலுக்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது. இதை ஒருமுறை முழுதாகப் புரிந்துகொண்டால் பிறகு பல நாள் உழைப்பு மிச்சமாகும்.

பழைய காரணத்திலிருந்து தொடங்குகிறேன். யூ-பூட்டின் முன்னோடியான பிபிசிபூட், பவர்பிசி போர்டுகளுக்காக எழுதப்பட்டது. அந்தக் காலத்துப் போர்டுகளில் பூட்லோடர், மின்சாரம் போனாலும் அழியாத நார் ஃபிளாஷ் சிப்பில் குடியிருக்கும். நார் ஃபிளாஷிலிருந்து செயலி நேரடியாகக் கட்டளைகளைப் படித்து ஓட்டலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் அதே ஃபிளாஷை அழிக்கவோ அதில் எழுதவோ தொடங்கியதும், சிப் தன்னுள் இருக்கும் தரவைத் தராது. வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டும் மதிப்பைத்தான் தரும். அடுத்த கட்டளையை எடுக்கப் போன செயலிக்குக் கிடைப்பது குப்பை. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிய கதைதான். பூட்லோடர் தன்னையே புதுப்பித்துக்கொள்ள வேண்டுமானால், முதலில் ரேமுக்குப் போய் அங்கிருந்து ஓட வேண்டும். அதோடு ஃபிளாஷிலிருந்து ஓடும்போது உலகளாவிய மாறிகளில் எதையும் எழுத முடியாது, வேகமும் குறைவு.

பீகிள்போனில் இந்தக் காரணம் எதுவும் பொருந்தாது. அங்கே வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, ரேம் எவ்வளவு என்பது கம்பைல் செய்யும்போது தெரியாது. வெள்ளை பீகிள்போனில் 256 எம்பி, பிளாக்கில் 512 எம்பி. இரண்டிலும் ரேம் 80000000 என்ற முகவரியில் தொடங்குகிறது (முகவரிகளை ஹெக்ஸ் எண்களாகவே தருகிறேன்). ஒரே யூ-பூட் கோப்பு இரண்டு போர்டுகளிலும் ஓடுகிறது. போர்டில் உள்ள ஈஈபிராம் என்ற சிறு நினைவகச் சிப்பைப் படித்து இது எந்தப் போர்டு என்று அறிந்து, ரேமின் அளவையும் ஓடும்போதுதான் அளந்து பார்க்கிறது. உச்சி எங்கே என்பது அந்த நொடி வரை யாருக்கும் தெரியாது. ஆகவே, நிரலுக்கு முகவரிகளை ஒதுக்கும் கருவியான லிங்கரிடம் உச்சியின் முகவரியை முன்கூட்டியே சொல்ல வழியில்லை.

இரண்டாவது, கீழ்ப்பகுதி, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வேண்டும். எஸ்பிஎல் யூ-பூட்டை ஏற்றும் இடம் 80800000. அதாவது ரேம் தொடங்கி 8 எம்பி தள்ளி. யூ-பூட் அங்கேயே கிடந்தால், கெர்னல், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ, தொடக்கக் கோப்புகள் அடங்கிய இனிட்ராம் எல்லாவற்றையும் அதைச் சுற்றி வளைத்து வளைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். உச்சிக்கு ஏறிவிட்டால், கீழே இருப்பதெல்லாம் ஒரே நீண்ட வெற்று மைதானம். எந்த அளவுக் கெர்னலையும் அச்சமின்றி ஏற்றலாம்.

எஸ்பிஎல் ஏன் இடம் மாறுவதில்லை என்று கேட்கலாம். சிப்புக்குள் நிரந்தரமாக எழுதப்பட்ட பூட் ரோம் நிரலுக்கு டிடிஆர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய எஸ்ரேமில்தான் எஸ்பிஎல்லை ஏற்றும். 109 கேபிக்கு மேல் அது பெரிதாக இருக்கக் கூடாது. டிடிஆரை எழுப்புவது, அடுத்தவரை ஏற்றுவது, அத்துடன் எஸ்பிஎல்லின் வேலை முடிந்தது. குடிபெயர அதற்கு அவசியம் இல்லை.

இனி முழு யூ-பூட்டுக்கு வருவோம். இடமாற்றத்துக்கு முன் ஓடும் பகுதிக்குப் போர்டு இனிட் எஃப் என்று பெயர், பின் ஓடும் பகுதிக்குப் போர்டு இனிட் ஆர். எஃப் என்பது ஃபிளாஷ், ஆர் என்பது ரேம். நார் ஃபிளாஷ் காலத்தின் நினைவு பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஃப் பகுதி ரேமின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி மனை பிரிப்பதுபோல் இடம் ஒதுக்கிக்கொண்டே இறங்குகிறது. 32-பிட் ஆர்ம் செயலியில், முகவரிகளை மாற்றிக் காட்டும் எம்எம்யூவின் அட்டவணைக்கு 16 கேபி. திரை இருந்தால் அதன் ஃபிரேம் பஃபருக்கு ஒரு பங்கு. அதற்கும் கீழே யூ-பூட்டின் நிரலுக்கான இடம், 4 கேபி எல்லையில் சரிசெய்யப்பட்டது. பிறகு ஓடும்போது தேவைக்கேற்ப இடம் தரும் மாலாக் பரப்பு, யூ-பூட்டின் பொதுத் தகவல்களைத் தாங்கும் குளோபல் டேட்டா என்ற கட்டமைப்பின் புதிய நகல், டிவைஸ் ட்ரீயின் நகல், எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்டாக். நிரலுக்காக ஒதுங்கிய அந்த இடத்தின் தொடக்கம்தான் நீங்கள் தேடும் புதிய முகவரி.

நகலெடுப்பது எளிது. நான்கு வரி அசெம்பிளி, எட்டெட்டு பைட்டாகத் தூக்கி வைக்கும் ஒரு சுழற்சி. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

யூ-பூட்டை லிங்க் செய்தபோது, அது 80800000-இல் ஓடும் என்று நம்பித்தான் லிங்கர் எல்லா முகவரிகளையும் எழுதியது. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைப்பது பெரும்பாலும் "இங்கிருந்து இவ்வளவு தூரம்" என்ற கணக்கில் இருக்கும். முழு நிரலையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனால் அந்தத் தூரம் மாறாது; அதைத் தொட வேண்டியதில்லை. ஆனால் நினைவகத்தில் எண்ணாகவே எழுதி வைக்கப்பட்ட முகவரிகள் உண்டு. யூ-பூட்டின் கட்டளை அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் பெயர் இருக்கும் இடம், அதை நிறைவேற்றும் ஃபங்ஷனின் முகவரி, உதவிக் குறிப்பு இருக்கும் இடம் என்று எல்லாமே பாயிண்டர்கள், அதாவது வேறோர் இடத்தின் முகவரியைத் தாங்கும் எண்கள். ஃபங்ஷன்களின் நடுவே மாறிகளின் முகவரிகளைத் தாங்கி நிற்கும் சிறு சிறு தொகுப்புகளும் அப்படித்தான். நகல் புது வீட்டுக்குப் போனாலும் இவை எல்லாம் பழைய வீட்டு விலாசத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

அவற்றைத் திருத்த ஒரு பட்டியல் வேண்டும். யூ-பூட்டை இடம் சாராத நிரலாக லிங்க் செய்யும்போது, "இந்த இடத்தில் ஒரு முகவரி எழுதப்பட்டிருக்கிறது" என்று லிங்கரே ஒவ்வொன்றையும் குறித்து, ரெல்-டைன் என்ற பகுதியில் அடுக்கி வைக்கிறது. 32-பிட் ஆர்மில் ஒவ்வொரு குறிப்பும் எட்டு பைட். முதல் நான்கு பைட் திருத்த வேண்டிய இடம், அடுத்த நான்கு பைட் திருத்தத்தின் வகை. யூ-பூட் கவனிக்கும் வகை ஒன்றே ஒன்று, அதன் எண் 23. "இங்கே இருக்கும் மதிப்புடன் ஆஃப்செட்டைக் கூட்டு" என்பது அதன் பொருள். ஆஃப்செட் என்பது புதிய முகவரிக்கும் பழைய முகவரிக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு குறிப்பைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, புதிய முகவரி 98000000 என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 512 எம்பி போர்டில் அது இன்னும் உச்சிக்கு அருகில் இருக்கும். ஆஃப்செட், 98000000-இல் 80800000 போக 17800000. பட்டியலில் ஒரு குறிப்பு 80845210 என்ற இடத்தைக் காட்டுகிறது, வகை 23. முதலில் அந்த இடத்தோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் 98045210. புதிய நகலில் அதே பாயிண்டர் இருக்கும் இடம் இது. அங்கே இப்போது இருக்கும் மதிப்பு 80812340, பழைய வீட்டில் உள்ள ஒரு ஃபங்ஷன். அதோடும் 17800000-ஐக் கூட்டி 98012340 என்று எழுதிவிட வேண்டும். கூட்டல் இரண்டு முறை நடக்கிறது என்பதைக் கவனியுங்கள்: திருத்த வேண்டிய இடத்துக்கு ஒன்று, அங்கே எழுதியிருக்கும் மதிப்புக்கு ஒன்று. சொந்தமாகப் பூட்லோடர் எழுதுகிறவர்கள் முதல் கூட்டலை மறந்து பழைய நகலையே திருத்திவிட்டு விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

64-பிட் ஆர்மிலும் இதே கதைதான். குறிப்பு 24 பைட், வகை எண் 1027; ஆஃப்செட்டைக் கூட்ட வேண்டிய மதிப்பு அந்தக் குறிப்புக்குள்ளேயே இருக்கும். 2010 வாக்கில் ஆர்முக்கு இந்த முறை வருவதற்கு முன்னும், வேறு சில செயலிகளில் அதன் பிறகும், கட்டளை அட்டவணை போன்றவற்றை நிரலாளரே கையால் ஒவ்வொன்றாகத் திருத்தும் வழக்கம் இருந்தது. புதிய அட்டவணை ஒன்றைச் சேர்த்துவிட்டுத் திருத்த மறந்தால் தீர்ந்தது.

இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நகலெடுத்துத் திருத்தும் ரொட்டீனை அழைப்பதற்கு முன், திரும்பி வர வேண்டிய முகவரியைத் தாங்கும் எல்ஆர் ரெஜிஸ்டரில் யூ-பூட் ஆஃப்செட்டைக் கூட்டிவிடுகிறது. அதாவது ரொட்டீன் அழைக்கப்படுவது பழைய வீட்டில். வேலை முடிந்து திரும்பும்போது கால் வைப்பது புது வீட்டில், அதே வரிக்கு அடுத்த வரியில். தனியாகத் தாவல் என்று ஒன்று இல்லவே இல்லை. அதன் பிறகு, குறுக்கீடு வந்தால் செயலி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வெக்டர்கள் புதிய இடத்தைக் காட்டும்படி மாற்றப்படுகின்றன, கட்டளை கேஷ் (செயலிக்குள் உள்ள வேக நினைவகம்) காலி செய்யப்படுகிறது, தொடக்க மதிப்பு தரப்படாத மாறிகளுக்கான பிஎஸ்எஸ் பகுதி பூச்சியமாக்கப்படுகிறது, போர்டு இனிட் ஆர் தொடங்குகிறது.

பிஎஸ்எஸ் இடமாற்றத்துக்குப் பிறகுதான் பூச்சியமாக்கப்படுகிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன் பிஎஸ்எஸ் என்று ஒன்று இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் மோசமான செய்தி: 32-பிட் ஆர்மின் லிங்கர் கோப்பில் பிஎஸ்எஸ்ஸும் ரெல்-டைன் பட்டியலும் ஒரே முகவரியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. பட்டியல் இடமாற்றம் வரைதான் தேவை, பிஎஸ்எஸ் அதன் பிறகுதான் தேவை, எனவே இடத்தை மிச்சப்படுத்தலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் போர்டு இனிட் எஃப் கட்டத்தில் பிஎஸ்எஸ் மாறி ஒன்றில் நீங்கள் எழுதினால், திருத்தப் பட்டியலின் ஒரு வரியை அழித்துவிட்டீர்கள். படிமத்தின் வாலில் ஒட்டப்பட்ட டிவைஸ் ட்ரீகூட இப்படிச் சிதைந்துபோவது உண்டு.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். தொழிற்சாலைக் கருவி ஒன்றுக்கான போர்டு. ரேம் இதே 80000000-இல் தொடங்கும், யூ-பூட் இதே 80800000-இல் ஏறும். மின்வழங்கல் சிப்பை ஐ-ஸ்கொயர்-சி என்ற இரு கம்பி இணைப்பு வழியாகப் படிக்கும் ஃபங்ஷன் ஒன்றை எழுதினேன். எத்தனை முறை முயன்றது என்று எண்ண ஒரு ஸ்டாடிக் மாறி வைத்தேன். அந்த ஃபங்ஷன் இடமாற்றத்துக்கு முன் ஓடுகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. போர்டு நன்றாக எழுந்தது. பல வாரம் எந்தக் குறையும் இல்லை. பூட் ஸ்கிரிப்ட், கெர்னல் கோப்பை 80200000-இல் ஏற்றி, ஏற்றம் முடிந்ததைக் காட்ட எங்கள் சொந்தக் கட்டளை ஒன்றால் எல்இடியை எரியவிட்டு, பிறகு கெர்னலுக்குத் தாவும். ஒருநாள் கோப்பு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. எல்இடி கட்டளையில் போர்டு விழுந்தது. "வரையறுக்கப்படாத கட்டளை" என்ற பிழையும் ரெஜிஸ்டர்களின் பட்டியலும் சீரியல் கன்சோலில் வந்தன. பழைய சிறிய கோப்பைப் போட்டால் எல்லாம் சரி.

நான்கு நாள் ஓடியது. ரேம் கோளாறு என்று நினைத்து டிடிஆர் நேர அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடும்; எடுத்தால் திரும்பி வரும். கடைசியில் கண்ணைத் திறந்தது அந்த ரெஜிஸ்டர் பட்டியல்தான். நிரல் நின்ற முகவரி 808 என்று தொடங்கியது. உச்சியில் ஓட வேண்டிய நிரல் ஏன் 808-இல் நிற்கிறது? நடந்தது இதுதான்: பிஎஸ்எஸ்ஸில் இருந்த என் ஸ்டாடிக் மாறி, திருத்தப் பட்டியலில் ஒரு குறிப்பின் வகை எண் இருந்த இடத்தில் விழுந்திருந்தது. 23 இருக்க வேண்டிய இடத்தில் 3. திருத்தும் சுழற்சி அந்தக் குறிப்பைத் தனக்கு உரியதல்ல என்று விட்டுவிட்டது. எல்இடி கட்டளையின் ஃபங்ஷன் பாயிண்டர் பழைய விலாசத்திலேயே தங்கிவிட்டது. பழைய நகலை யாரும் அழிக்கவில்லையே. அது அங்கேயே கிடந்தது. ஒரு ரெஜிஸ்டரைத் தட்டுவது மட்டுமே வேலை என்பதால் பழைய நகலின் ஃபங்ஷனும் பிசகாமல் எல்இடியை எரித்தது. 80200000-க்கும் 80800000-க்கும் இடையே சரியாக 6 எம்பி. கோப்பு 6 எம்பியைத் தாண்டிய அன்று அந்தப் பழைய நகலின் மேல் கெர்னலின் பைட்டுகள் ஏறிவிட்டன.

இதற்குத் தீர்வு, அந்தக் கட்டத்தில் எதையாவது நினைவில் வைக்க வேண்டுமானால் குளோபல் டேட்டா கட்டமைப்பில் வைப்பதுதான். அதன் முகவரி 32-பிட் ஆர்மில் ஆர்9 ரெஜிஸ்டரில் எப்போதும் இருக்கும், 64-பிட்டில் எக்ஸ்18-இல். இடமாற்றத்தின்போது அதன் உள்ளடக்கமும் புதிய நகலுக்குக் கொண்டுசெல்லப்படும். மாறியை, தொடக்க மதிப்புள்ள மாறிகளுக்கான டேட்டா பகுதிக்குத் தள்ளும் ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. ரேமிலிருந்து ஓடும் போர்டில் அது வேலை செய்யும். நார் ஃபிளாஷிலிருந்து ஓடும் போர்டில் செய்யாது. இன்னொரு எச்சரிக்கை: மாறிக்குப் பூச்சியம் என்று தொடக்க மதிப்பு கொடுத்தால் தப்பித்துவிட்டோம் என்று பலர் நம்புகிறார்கள். ஜிசிசி பூச்சிய மதிப்புள்ள மாறிகளையும் பிஎஸ்எஸ்ஸில்தான் போடுகிறது.

இப்போது உங்கள் பிரேக்பாயிண்ட். பிழைதேடும் கருவியான ஜிடிபிக்கு நீங்கள் கொடுத்த குறியீட்டு அட்டவணை 80800000-ஐ அடிப்படையாகக் கொண்டது. நிரல் உச்சிக்குப் போய்விட்டது. ஜிடிபியோ காலி வீட்டு வாசலில் காத்திருக்கிறது. யூ-பூட் கட்டளை வரி வரை வந்துவிட்டால் பிடிஇன்ஃபோ கட்டளையைக் கொடுங்கள். இடம்பெயர்ந்த முகவரியும் ஆஃப்செட்டும் அதில் வரும். ஜிடிபியில் பழைய குறியீடுகளைக் கைவிட்டு, குறியீடுகள் அடங்கிய அதே எல்ஃப் கோப்பை அந்தப் புதிய முகவரியோடு மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டளை வரி வருவதற்கு முன்பே தொங்கிவிடுகிறது என்றால், ஆர்9-ஐக் குளோபல் டேட்டா பாயிண்டராக எடுத்துக்கொண்டு அதற்குள் இருக்கும் இடமாற்ற முகவரியை ஜிடிபியிலேயே படிக்கலாம். நிரல் விழுந்து ரெஜிஸ்டர் பட்டியல் அச்சானால், அதில் ஆஃப்செட்டைக் கழித்த முகவரியும் தனி வரியாக இருக்கும். ஃபங்ஷன்களின் முகவரிகளைப் பட்டியலிடும் மேப் கோப்பில் அதை நேராகத் தேடுங்கள்.

ஒரு நுணுக்கம். இடமாற்றத்துக்கு முன் மென்பொருள் பிரேக்பாயிண்ட் வைக்காதீர்கள். அது அந்த இடத்தில் இருக்கும் கட்டளையை எடுத்துவிட்டு நிறுத்தக் கட்டளையை எழுதி வைக்கிறது. நகலெடுக்கும் சுழற்சி எழுதியிருப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போகும், உங்கள் நிறுத்தக் கட்டளை உட்பட. பிறகு உச்சியில், ஜிடிபி அறியாத ஓர் இடத்தில் செயலி நிற்கும், மூலக் கட்டளை என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டத்தில், நினைவகத்தில் எதையும் எழுதாத வன்பொருள் பிரேக்பாயிண்ட் மட்டுமே நம்பத்தக்கது.

யூ-பூட்டை விட்டுச் சொந்தமாக இதை எழுதுகிறவர்களுக்கு இரண்டு சொற்கள். தரவு கேஷ் இயங்கும் நிலையில் நகலெடுத்தால், எழுதியது இன்னும் கேஷிலேயே இருக்கலாம். கட்டளை கேஷ் பழையதைத் தரலாம். முன்னதை ரேமுக்கு எழுதிவிட்டு, பின்னதைக் காலி செய்துவிட்டுத்தான் தாவ வேண்டும். ஜேடேக்கில் ஒவ்வோர் அடியாக நடத்தினால் ஓடுகிறது, விட்டுவிட்டால் விழுகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். அடுத்தது மைக்ரோகன்ட்ரோலர்கள். அங்கே பெரும்பாலும் நிரல் நகராது, வெக்டர் அட்டவணைதான் நகரும். கார்டெக்ஸ்-எம்4 போன்றவற்றில் அதற்கென்று விடிஓஆர் என்ற ரெஜிஸ்டர் இருக்கிறது. எஸ்டிஎம்32எஃப்0 வரிசையின் கார்டெக்ஸ்-எம்0-இல் அது கிடையாது. அட்டவணையை எஸ்ரேமின் தொடக்கத்துக்கு நகலெடுத்து, அந்த எஸ்ரேமைப் பூச்சிய முகவரியில் தெரியும்படி மாற்றி அமைக்க வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இடமாற்றத்தைத் தவிர்க்கும் கொடி யூ-பூட்டில் இருக்கத்தான் செய்கிறது. லிங்க் முகவரியும் இலக்கு முகவரியும் ஒன்றாகவே அமைந்துவிட்டால், ஆஃப்செட் பூச்சியம் என்று கண்டு அசெம்பிளியே நகலெடுப்பதை விட்டுவிடும். புதிய போர்டில் முதல் வாரம், டீபக்கரோடு மல்லாடும்போது இப்படி நிறுத்தி வைப்பதில் தவறில்லை, நானும் செய்வேன். ஆனால் அதே நிலையில் போர்டை வெளியே அனுப்பினால், நாளை ரேம் பாதியான மலிவுப் பதிப்பு வரும்போதும், கெர்னல் கோப்பு 8 எம்பியைத் தாண்டும்போதும் அந்த முகவரிகளை எல்லாம் கையால் மறுபடி எழுத வேண்டியிருக்கும். நீங்கள் பார்க்கும் பீகிள்போனில் அதற்கு அவசியமே இல்லை. பிடிஇன்ஃபோ தரும் முகவரியை ஜிடிபிக்குக் கொடுத்துவிட்டு, போர்டு இனிட் ஆரில் ஒரு வன்பொருள் பிரேக்பாயிண்ட் வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், நிற்கும்.